பெட்டியின் கண்ணில் ஒட்டிய அப்பளம்

மாவு இன்றைக்குக் கையை விடமாட்டேன் என்கிறது. எத்தனை தடவை எண்ணெய் தொட்டாலும் விரலிடுக்கில் ஏறிக்கொள்கிறது. பிரண்டைச் சாறு கூடிப்போயிருக்கும், இல்லையென்றால் மாவு நிறுத்துக் கொடுக்கிற தவமணியண்ணன் எனக்கென்று பார்த்துப் பழைய மாவாகத் தள்ளிவிட்டிருப்பார், இரண்டும் நடக்கக்கூடியதுதான். நூலால் அறுத்த வில்லையைப் பலகையில் வைத்து, ஒரு தள்ளு, ஒரு திருப்பு, மறுபடி ஒரு தள்ளு என்று தேய்த்துக்கொண்டிருக்கிறேன், கட்டை உருளுகிற சத்தத்தைத் தவிர எங்கள் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு, அதிலும் என்னைத் திட்டவே கூடாது என்று கட்டுப்பாடு. ஒரு தெருவே கூடி இனிமேல் ஒருத்தியைத் திட்டுவதில்லை என்று முடிவெடுத்தால் அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது என்றுதான் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். என் பிள்ளை சாகட்டும் என்றுதான் இவர்கள் என்னைத் திட்டாமல் இருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் இன்னாசி கச்சேரிகளில் கிடார் வாசிக்கிறவர். மதுரையைச் சுற்றி எங்கே முளைப்பாரி, எங்கே மாதா தேர், எங்கே மண்டபத்தில் வரவேற்பு என்றாலும் போவார். சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டியை அவரே செய்து வைத்திருந்தார், பெடல் என்பார்கள், வாசிக்கும்போது காலால் மிதிக்கிறது. கிடாரிலிருந்து வருகிற வயர் ஒரு பக்கம் நுழையும், மறுபக்கம் ஸ்பீக்கருக்குப் போகும், நடுவில் அந்தப் பெட்டிக்குள் சத்தம் போய் அழுதுவிட்டோ சிணுங்கிவிட்டோ வரும். பாப்பா வயிற்றில் இருந்தபோது, மசக்கையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த ஒரு மத்தியானத்தில், எனக்குப் பொழுது போகட்டும் என்று அதைத் திறந்து காட்டினார்.

"இந்தா பாரு பிலோமி. இது பல்பு. இது கண்ணு. ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு இருக்கும். தந்திய ஓங்கி அடிச்சா பல்பு ஓங்கி எரியும். பல்பு எரியிறதப் பாத்தா கண்ணு வழிய விடும், சத்தம் வெளிய போகும். பல்பு அணைஞ்சா கண்ணு வழிய அடைச்சுக்கும்."

கண் என்று அவர் காட்டியது சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது, முகத்தில் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். பக்கத்தில் நீலமாக உருண்டையாக ஒன்று நின்றது, அது தொட்டி, வருகிற கரண்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து விடும் என்றார்.

"சத்தம் நேராப் போனா என்னவாம்? இடையில எதுக்குப் பல்பு?" என்று கேட்டேன்.

"நேராப் போனா அதுல என்னடி சொகம் இருக்கு?" என்றார். இந்தப் பதிலை அவர் நிறைய விஷயங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

கத்திரி வெயில் சமயத்தில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. இத்துனூண்டு பல்பை எதற்குக் கண்ணுக்குக் காட்ட வேண்டும், வானத்தைவிடப் பெரிய பல்பு எங்கே இருக்கிறது என்று சொல்லி, பல்பை இடுக்கியால் மடக்கி வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, கண்ணை மேலே பார்க்க வைத்து, வாசலில் உட்கார்ந்து காலால் அதன்மேல் நிழல் கொடுத்தும் எடுத்தும் வாசித்துப் பார்த்தார். பெட்டி சூரியனைப் பார்த்துக் கத்தியது, அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் அந்தக் கிடாரில் வந்ததில்லை, அதே நேரம் ஸ்டவ் திரியை இறக்குகிற மாதிரி எங்கள் தெருவில் வெயில் இறங்கியது. முனையில் இருக்கிற சிண்டெக்ஸ் தொட்டியிலிருந்து இந்தக் கோடியில் கறிக்கடை வரைக்கும் இறங்கியது, கறிக்கடைக்கு அந்தப் பக்கம் ஆட்டுத்தலை பளபளவென்று வெயிலில் இருந்தது, இந்தப் பக்கம் சாயங்காலமாகிவிட்டது. காலைக் கொண்டுபோய்க் கண்ணை மறைத்தால் வெயில் திரும்ப ஏறியது. கண் குடிக்கிற வெளிச்சம் தெருவில் குறைந்தது, அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அப்பளம்தான். வாசலெல்லாம் பாய், பாயெல்லாம் அப்பளம். எதிர்வீட்டு ஒச்சம்மாதான் முதலில் வெளியே வந்தாள். ஒச்சம்மா வாய் திறந்தால் கறிக்கடையில் கத்தி நிற்கும், தெருவில் அவள் சொல்வதுதான் சட்டம்.

"எவன்டா அவன், வெயில்ல கை வைக்கிறது? அப்பளம் காயப் போட்டிருக்கேன், கண்ணு தெரியல? கச்சேரின்னா மேடையில போய்ப் பண்ணு, வீதியில என்னடா மயித்துக்குப் பண்ற?"

வெயில் இறங்கினதைப் பற்றி அவளுக்கோ வேறு யாருக்குமோ ஆச்சரியம் இல்லை, கேட்காமல் இறக்கினார் என்பதுதான் கோபம். ஆனால் சாயங்காலம் பாயைச் சுருட்டப் போனபோது அப்பளமெல்லாம் கண்ணாடித் தாள் மாதிரித் தட்டையாகக் கிடந்தது. அப்பளத்துக்கு உச்சி வெயில் ஆகாது, ஓரம் சுருளும், நடுவில் கீறும். ஈர நிழலும் ஆகாது, பூஞ்சை பிடிக்கும். இளவெயில் வேண்டும், அந்த இளவெயில் காலையில் முகம் காட்டிவிட்டுப் போய்விடும். அப்பளத்தைத் தரம் பார்த்து வாங்க வந்த தவமணியண்ணன் ஓர் அப்பளத்தை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்து அந்தப் பக்கம் பார்த்தார், ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. மறுநாள் காலையில் ஒச்சம்மா எங்கள் வாசலில் நின்று, "தம்பி இன்னாசி, இன்னைக்கு என்ன பாட்டு?" என்றாள். முந்தின நாள் 'எவன்டா' என்ற அதே வாய்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரு மாவு உருண்டை அடுத்த உருண்டையோடு ஒட்டுகிற மாதிரி தானாக ஒட்டிக்கொண்டு நடந்தது. காலையிலிருந்து மாலைவரை அவர் வாசித்தார், கோழிகள் மத்தியானமே அடைந்தன, பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பிள்ளைகள் தெருமுனையில் காலால் தடவி வழி தேடின, மங்கலில் எல்லாப் பெண்ணும் சிவப்பாகத் தெரிந்ததால் பெண் பார்க்க வந்தவர்கள் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள், கல்யாணத்துக்கு அப்புறம் சண்டை போட வந்தார்கள். கொஞ்ச நாளில் மங்கல் எங்கள்மேலேயே படிந்துவிட்டது. துணியில் பூண்டு வாசனை ஒட்டுகிற மாதிரி, எங்கள் தெரு ஆள் எங்கே போனாலும் அவரைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குச் சாயங்காலம் கூடவே போனது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "அப்பளத் தெருவா? பின்னாடி போய் நில்லு, எனக்கு டிக்கெட் தெரியல" என்பார். பக்கத்துத் தெருக்காரர்கள் வடகம் காயப்போடும்போது எங்களைக் கண்டால் கல்லெடுத்தார்கள். எங்கள் ஆட்கள் அதற்கெல்லாம் வெட்கப்படவில்லை. எவன் அப்பளம் தட்டை, உன்னுதா எங்களுதா, என்று திருப்பிக் கேட்டார்கள்.

என் வீட்டுக்காரரைத்தான் அது தின்றது. மேடையில் அவர் நிற்கிற இடத்தில் ஃபோகஸ் லைட் அவிந்தது. பாடுகிறவள் முகத்தில் இருட்டு விழுகிறது என்று சொல்லிக் குழுவில் கழித்துவிட்டார்கள். கடைசியில் கேரளாவில் ஏதோ ஓட்டலில், குடிக்கிற இடத்தில், வெளிச்சம் மங்கலாக இருந்தால்தான் நல்லது என்று அவரைச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று பெட்டியை எடுக்கப்போனவரின் கையை ஒச்சம்மா தட்டிவிட்டாள்.

"கிடார எடுத்துக்க. பெட்டி தெருவோடது."

"அக்கா, அது நான் பண்ணுனது."

"வெயிலும் நீ பண்ணுனதாடா?"

அவர் கிடாரை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டார். நான் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு வெளியாட்கள் முன்னால் குரல் வராது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்தே அதற்குத் தெருவில் பேர், திமிர்.

ஆள் இல்லாத பெட்டியைச் சிண்டெக்ஸ் தொட்டியின் மேடையில் ஸ்பீக்கரோடு வைத்தார்கள். யாரும் வாசிக்காவிட்டாலும் ஸ்பீக்கர் 'உம்' என்று முனகிக்கொண்டே இருந்தது, அந்த முனகலுக்கே கண் வெளிச்சத்தைக் குடித்தது. ஆனால் காலை வைத்து மறைக்க ஆள் இல்லாததால் கண்மண் தெரியாமல் குடித்தது, தெரு இருட்டிக்கொண்டு வந்தது. காகிதம் ஒட்டினார்கள், துணி கட்டினார்கள், சரிவரவில்லை. ஒச்சம்மா ஒரு பச்சை அப்பளத்தைக் கொண்டுவந்து கண்ணின்மேல் அப்பினாள். அப்பளத்துக்குள் புகுந்து போகிற அளவு வெளிச்சம்தான் கண்ணுக்குப் போனது, தெருவில் நின்றது அப்பளத்துக்கு வேண்டிய இளவெயில். அப்பளத் தெருக்காரியைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. ஒட்டின அப்பளம் ஒரு நாளில் காய்ந்து வெடிக்கும், அதனால் முறைவாசலோடு அதையும் சேர்த்துவிட்டார்கள். யார் வீட்டு முறையோ அவர்கள் தெருவைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பெட்டியின் கண்ணில் புது அப்பளம் ஒட்டி, ஒரு பொட்டும் வைக்க வேண்டும்.

கண் குடித்த வெளிச்சமெல்லாம் எங்கே போகிறது என்று அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்தவர்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பாப்பா பிறக்கிறவரைக்கும்.

பாப்பா பிறந்து பாலுக்கு வாய் வைத்த கொஞ்ச நாளில் மஞ்சளானாள். முதலில் முகம், அப்புறம் நெஞ்சு, அப்புறம் உள்ளங்கால். கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. பெரியாஸ்பத்திரியில் நீல விளக்குப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள், படுக்க வைத்ததும் நீலம் மங்கியது. நர்ஸ் டியூபைத் தட்டினாள், வேறு பெட்டிக்கு மாற்றினாள், அதுவும் மங்கியது, பக்கத்துப் படுக்கைப் பிள்ளைகளின் வெளிச்சத்தையும் சேர்த்து இழுத்தது, அந்தத் தாய்மார்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"நீங்க அந்த அப்பளத் தெருவா?" என்றாள் நர்ஸ். "மொதல்ல உங்க வெளிச்சத்தச் சரி பண்ணிட்டு வாங்கம்மா. இங்க இருக்குற பிள்ளைகளும் பிள்ளைகதான?"

டாக்டர் அவ்வளவு முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. மஞ்சள் இப்படியே ஏறினால் மூளையைத் தொட்டுவிடும், வெளிச்சம் காட்டியே ஆகவேண்டும் என்றார். எந்த வெளிச்சத்தை என்று கேட்க நினைத்தேன், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒச்சம்மா வாசலுக்குப் போனேன். அந்தத் தெருவில் நானாக ஏறிய முதல் வாசல் அது.

"அக்கா, கொஞ்ச நாளைக்குப் பெட்டிய நிறுத்துங்கக்கா. பிள்ளைக்கு வெயில் காட்டணும்."

ஒச்சம்மா தேய்த்துக்கொண்டிருந்த கட்டையை நிறுத்தவில்லை. "எங்க வயித்துல பெறந்ததெல்லாம் மஞ்சளாப் பெறந்துதான் வெளுத்துச்சு. ஒன் பிள்ளை மட்டும் என்ன தங்கமா, நெறம் மாறுனா கொறஞ்சு போக?"

"மூளைக்கு ஏறிரும்னு டாக்டர் சொல்றாரு."

"மூளையா? அப்பன் பெட்டிய விட்டுட்டு ஓடுனான், ஆத்தா வாயில்லாப் பூச்சி. அந்தப் பிள்ளைக்கு மூளை எங்கிட்டிருந்து வரப்போகுது, ஏறுறதுக்கு?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெறும் பேச்சுக்காகச் சிரிக்கவில்லை, மனசாரச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் யார் யார் பல் தெரிந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

அடுத்து என் வீட்டு முறை வந்தபோது, தெருவைக் கூட்டிவிட்டு, பெட்டியிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினேன். முனகல் நின்றது. மங்கல் நிற்கவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த கோழிகள் முழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கின. அதற்கடுத்த முறையில் கண்ணின்மேல் பிடி மாவை அப்பி ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகாமல் அடைத்தேன். புதிதாகக் குடிப்பது நின்றிருக்கும், ஆனால் முன்பு அவர் காலால் மறைத்ததும் ஏறின மாதிரி வெயில் ஏறவில்லை, போனது எதுவும் திரும்பவில்லை. பால் குடிக்கத் தெம்பில்லாமல் பாப்பா மார்பிலேயே தூங்கிப்போனாள். பசித்தால்கூட அழவில்லை, ஒரு முனகல், அந்த ஸ்பீக்கர் மாதிரி.

அவருக்கு ஃபோன் போட்டேன். பின்னால் கிளாஸ் மோதுகிற சத்தம் கேட்டது.

"கண்ண அடைச்சிட்டேன். பேட்டரியப் பிடுங்கிட்டேன். வெளிச்சம் ஏன் வரல?"

"கண்ணுக்கு எதுக்கு பேட்டரி? அது பாட்டுக்கு வாங்கும்."

"வாங்குனது எங்க இருக்கு?"

"பெட்டிக்குள்ள அந்த நீலத் தொட்டியில இருக்கும்."

"எப்படி வெளிய எடுக்கிறது?"

"பிலோமி, அதெல்லாம் ஒனக்குப் புரியாது. சத்தம் உள்ள போனாத்தான் பல்பு எரியும். கிடார் எங்கிட்டத்தான இருக்கு. தெருக்காரங்க கூட வம்பு வச்சுக்காத, நான் அடுத்த மாசம்..."

நான் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் பாப்பாவுக்கு இல்லை.

அன்று ராத்திரி தெரு தூங்கினபிறகு சிண்டெக்ஸ் மேடையிலேயே பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயர் வயராக விரலை வைத்துக்கொண்டு போனேன், எங்கே போகிறது, எதைத் தொடுகிறது, எங்கே திரும்புகிறது. சிவப்பு வயர் நுழைகிற இடத்திலிருந்து பல்புக்குப் போனது. கண்ணிலிருந்து ஒன்று தொட்டிக்குப் போனது. தொட்டியிலிருந்து ஒன்று திரும்பவும் பல்புக்கே வந்தது. அப்போதுதான் புரிந்தது. கண் வாங்குகிறது, பல்பு கொடுக்கிறது. இரண்டும் முகம் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் கொடுத்ததை வாங்கி, வாங்கியதைக் கொடுத்து, ஒருத்தருக்கும் நஷ்டமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சொகம் வேண்டும் என்று அந்த ஆள் பல்பைத் திருப்பிவிட்டார், கண் வானத்திடம் வாங்கியது, பல்பு யாருக்கும் கொடுக்கவில்லை. பல்பைக் கொடுக்கவைக்கச் சத்தம் வேண்டும். வீட்டில் கட்டிலுக்கடியில் அவருடைய கச்சேரி மைக் ஒன்று தலை நசுங்கிக் கிடந்தது.

மறுபடி என் முறை வந்த அன்று, பேட்டரியைப் போட்டு, கிடார் வயர் நுழைகிற ஓட்டையில் மைக் வயரைச் செருகினேன். பாப்பாவைச் சிண்டெக்ஸ் தொட்டி மேடையில் துணி விரித்துப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரியில் செய்த மாதிரி கண்ணைத் துணியால் கட்டி, பல்பை அவள் நெஞ்சுக்கு நேராகத் திருப்பினேன். மைக்கைப் பிடித்துத் தாலாட்டுப் பாடினேன். பல்பில் சிவப்பாக ஒரு முனை தெரிந்தது, ஊதுபத்தி அளவு. என் குரலுக்கு அவ்வளவுதான். செல்ஃபோனில் பாட்டுப் போட்டு மைக்கில் காட்டினேன், நன்றாகத்தான் எரிந்தது, ஆனால் டியூப்லைட் மாதிரி சில்லென்று இருந்தது, கையை வைத்தால் சூடு இல்லை.

"அடியே! பெட்டியில என்னடி பண்ற?"

ஒச்சம்மா. அந்தக் குரல் மைக்கில் விழுந்ததும் பல்பு திடுக்கென்று எரிந்தது. மஞ்சள் வெயில். சூடு.

"ஏ, வாங்கடி எல்லாரும்! நம்பிக் குடுத்த முறைவாசல்ல குழி பறிக்கிறா பாருங்க! ஊமைச்சி மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே கெடுக்க வந்த சிறுக்கி! ஒன் புருசன் ஓடிப்போனது பத்தாதுன்னு எங்க பொழப்பையும் ஓட விடுறியா?"

வெயில் கொட்டியது. நான் மைக்கை மேடையில் நிமிர்த்தி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். ஒவ்வொரு வீடாக வந்தார்கள், வந்தவர்களெல்லாம் திட்டினார்கள், என் அம்மாவை, என் ஊரை, என் சேலை கட்டுகிற லட்சணத்தை, நான் சோறு வடிக்கிற விதத்தை, இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றி என்னென்ன சேர்த்து வைத்திருந்தார்களோ அத்தனையையும் கொட்டினார்கள், அத்தனையும் வெளிச்சமாக வந்தது. குடித்த வரிசையில் வந்தது. முதலில் கத்திரி வெயில், அப்புறம் ஆடிக்காற்றில் ஆடின வெயில், எப்போதோ தெருவைத் தாண்டிப் பறந்த காக்காயின் நிழல் பாப்பாவின் வயிற்றின்மேல் ஓடி மறைந்தது, தலைக்கு மேலே காக்காயே இல்லை. தெருவிலும் வெயில் ஏறிக்கொண்டு வந்தது, பாயில் கிடந்த அப்பளமெல்லாம் ஓரம் தூக்கி, காது மாதிரிச் சுருண்டு, படக் படக்கென்று வெடித்தன. வெடிக்க வெடிக்க இன்னும் திட்டினார்கள். திட்டத் திட்ட இன்னும் வெடித்தன. ஒச்சம்மா பாய்ந்து பெட்டியைப் பிடித்தாள், பிடிக்கும்போது வாயை மூட அவளால் முடியவில்லை, பல்பு அவள் முகத்துக்கு நேரே பளீரென்று அடித்து, கண் தெரியாமல் சிண்டெக்ஸ் தொட்டிமேலேயே மோதிக்கொண்டாள். அதற்கப்புறம் யாரும் பெட்டியைத் தொடவில்லை. வாயைத் திறந்துகொண்டு தொடப் பயம், மூடிக்கொண்டு தொட முடியாது.

அன்றைக்குப் பாப்பா அழுதாள். வீறிட்டு அழுதாள். உள்ளங்காலில் மஞ்சள் குறைந்திருந்தது.

பெட்டியை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன், யாரும் தடுக்கவில்லை. தினமும் காலையில் வாசலில் வைத்து, பாப்பாவைப் படுக்க வைத்துவிட்டு, அவர்கள் வருவதற்குக் காத்திருப்பேன். வரவில்லையென்றால் குப்பையை ஒச்சம்மா வாசல் பக்கமாகக் கூட்டித் தள்ளுவேன். தண்ணீர் பிடிக்கிற வரிசையில் குடத்தை முன்னால் நகர்த்தி வைப்பேன். வாய் திறக்கத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர்கள் திட்டினார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையைத் திருப்பிப் போட்டேன், முன்பக்கம் கொஞ்சம், முதுகுப் பக்கம் கொஞ்சம், அப்பளத்தைத் திருப்பிப் போடுகிற மாதிரி.

தவமணியண்ணன்தான் கண்டுபிடித்தார். சுருண்ட அப்பளத்தையெல்லாம் கழித்துப் போட்டுவிட்டு, தெருவின் நடுவில் நின்று, மெதுவாக, என் மைக்குக்கு எட்டாதபடி சொன்னார். "அறிவு கெட்ட பொம்பளைகளா, அவ வெளக்குக்கு எண்ணெய் ஊத்துறதே நீங்கதான். வாய மூடுங்க. வெளிச்சம் பாதிதான் திரும்பி இருக்கு, மீதி உள்ளயே கெடக்கட்டும், நமக்கு அது போதும்."

அன்றோடு தெரு ஊமையாகிவிட்டது. சைகையில் காய் வாங்கினார்கள், குக்கர் விசிலைக் கழற்றி வைத்தார்கள், பிள்ளைகளை வேறு தெருவில் விளையாட அனுப்பினார்கள், நாய்களுக்கு வயிறு முட்டச் சோறு போட்டுப் படுக்க வைத்தார்கள். என்னைப் பார்க்கும்போது சிரிக்கக்கூடச் செய்தார்கள், பல் தெரியாமல். நான் குப்பையைத் தள்ளினால் அவர்களே அள்ளிக்கொண்டு போனார்கள். நானே மைக்கில் கத்திப் பார்த்தேன், தொண்டை கட்டியதுதான் மிச்சம், யார்மேல் கோபப்பட்டுக் கத்துவது, எதிரில் ஒருத்தரும் நிற்காமல் கோபம் எப்படி நிற்கும். இறங்கின மஞ்சள் மறுபடி ஏற ஆரம்பித்தது. காலையில் பார்த்தேன், கண் ஓரத்தில் நிற்கிறது.

ஒச்சம்மாவின் மருமகளுக்குப் பிரசவமாகி நேற்றுத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள், பெண் குழந்தை. ஆட்டோவிலிருந்து இறக்கும்போது சன்னல் வழியாகப் பார்த்தேன், துண்டுக்குள் அந்த முகம் தெரிந்தது, அந்த நிறம் எனக்குத் தெரியாதா. என்ன நினைத்தேன் என்று மறைக்கப் போவதில்லை. சந்தோஷப்பட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷப்பட்டேன். ஆஸ்பத்திரியில் அவர்களிடமும் அந்த நர்ஸ் அதையேதான் சொல்லியிருப்பாள், மொதல்ல உங்க வெளிச்சத்தச் சரி பண்ணிட்டு வாங்க. அப்புறம் என் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன், அவள் நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் தூங்கினாள், சந்தோஷம் அதோடு போய்விட்டது.

வாசலில் நிழல் தட்டுகிறது. ஒச்சம்மாதான், பேத்தியைத் துண்டோடு நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கட்டுப்பாட்டை உடைக்க வாய் திறக்கிறாள், மூடுகிறாள், தெரு முழுவதும் கதவு இடுக்கில் நின்று அவளைப் பார்க்கிறது.

"ஏத்தா பிலோமி..."

கெஞ்சுகிறாள். இந்தக் குரலுக்குப் பல்பு எரியாது. ஊதுபத்தி அளவுகூட எரியாது.

"வெளிய வாத்தா. பெட்டிய எடுத்துட்டு வா. நான் ஒன்னையத் திட்டணும்."

மாவுக் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு துணியில் தலைமாடு கால்மாடாக இரண்டு பிள்ளைகளையும் படுக்க வைக்கலாம், பல்பைக் கொஞ்சம் தூக்கி மடக்கினால் இரண்டுக்கும் வெளிச்சம் படும், அதையெல்லாம் யோசித்துவிட்டேன், ஆனால் அவளிடம் சொல்லமாட்டேன். சொன்னால் அழுவாள், நன்றி சொல்வாள், நன்றிக்கு அந்தப் பெட்டியில் வழியில்லை. வயிறெரிந்து திட்ட வேண்டும், உண்மையாகத் திட்ட வேண்டும், அதற்கு நான் முதலில் ஒன்று சொல்ல வேண்டும், தெருவே கேட்கிற மாதிரி, அவள் ஏழு ஜென்மத்துக்கும் என்னை மன்னிக்க முடியாத மாதிரி.

"பிலோமி, வாடி! பிள்ளை கண்ணத் தொறக்க மாட்டேங்குது, வாடி வெளிய!"

வருகிறேன், கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை இடுப்பிலும் பாப்பாவைத் தோளிலும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்ததும், அவள் பேத்தியின் முகத்தை நேராகப் பார்த்து நான் சொல்லப்போவது, என் பிள்ளையைப் பற்றி அன்றைக்கு அவள் வாசலில் அவள் சொன்ன அதே வார்த்தைதான்.